மலை வண்டியும் வயிற்றுக் கிருமியும்

எனக்கு ரத்தம் குறைந்துபோனதைவிட, என் மச்சான் அருளுக்கு ரத்தம் நிறைய இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாதியிலிருந்து எழுந்து வந்தவர்கள் ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் பேச ஆரம்பிப்பார்கள். நானும் கோயிலுக்குப் போகிறவன்தான், நன்றி எல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது என் மனதில் ஓடியது ஜெபம் இல்லை. இந்நேரம் அருள் எந்த வளைவில் ஏறிக்கொண்டிருப்பான், எந்தக் கியரில் ஏறிக்கொண்டிருப்பான் என்பதுதான்.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் ஒரு மினி பஸ்ஸுக்கு நான் டிரைவர். கல்வராயன் மலை ரோட்டில் பல வருஷமாக ஒரே வண்டி, ஒரே சீட். வண்டியின் முன்னால் கொட்டை எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் மலைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'ஆரோக்கியசாமி வண்டி வந்துச்சா?' என்றுதான் கேட்பார்கள். அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டுத்தான் நான் வேறு வண்டிக்குப் போகாமல் இருந்தேன்.

மலை வண்டி டிரைவர் என்றால் வண்டி ஓட்டுவது பாதி வேலைதான். மேலே மருந்துக்கடை கம்மி. மாத்திரைச் சீட்டு, செல்போன் சார்ஜர், பள்ளிக்கூட நோட்டு என்று காலையில் கொடுத்துவிடுவார்கள். நான் கீழே வாங்கி சாயங்கால டிரிப்பில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இத்தனை பேருக்கு என்னிடம் மருந்து விற்கிற கடைக்காரர், எனக்கு மட்டும் கேஸ் மாத்திரை ஓர் அட்டை சும்மா கொடுப்பார். வண்டி நிற்கிற டீக்கடைகளில் டிரைவருக்கு டீயும் சும்மாதான். வெறும் வயிற்றில் டீ குடிப்பேன், நெஞ்சு எரியும், மாத்திரை ஒன்றைப் பிதுக்கி வாயில் போடுவேன், மறுபடியும் டீ குடிப்பேன். வெற்றிலை பாக்கு போடுகிறவன் அதை மருந்து என்றா நினைக்கிறான்? நானும் அப்படி நினைக்கவில்லை.

ரொம்ப நாளாகவே எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னி மாற்றினால் கை நடுங்கும். வீட்டுப் படியில் உட்கார்ந்து எழுந்தால் கண்ணில் பூச்சி பறக்கும். "இன்னாங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போய்க்கினு இருக்குது," என்றாள் என் மனைவி லூர்து. "வெயில்ல வண்டி ஓட்றவன் கறுத்துத்தான் போவான். வெளுத்தா சந்தோசப்படு," என்றேன்.

ஒரு நாள் காலையில் வண்டி நிறைய ஆட்களோடு மேலே ஏறும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் கண் இருட்டியது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, "இன்ஜின் சூடாயிடுச்சு, கொஞ்சம் ஆறட்டும்," என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். கண்டக்டர் வேலு மட்டும் இன்ஜினைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். கீழே வந்ததும் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டான்.

முதலாளி நல்ல மனிதர், அதனால்தான் அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "ஆரோக்கியம், டாக்டர் எழுதிக் குடுக்காம நீ மலை வண்டிய தொடக்கூடாது. பொங்கலு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள வந்தா வண்டி உன்னுது. இல்லன்னா அப்ப ஓட்டிக்கினு இருக்கறவனையே நிரந்தரமா போட்டுக்கணும், தப்பா நெனைக்காத." வெளி ஆளை உட்காரவைத்தால் எழுப்ப முடியாது, வீட்டு ஆள் என்றால் சீட் பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, லூர்துவின் தம்பி அருளை நானே சிபாரிசு செய்தேன். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், அப்போது வேலை இல்லாமல் இருந்தான். பெரிய வண்டி ஓட்டும் லைசென்ஸும் வைத்திருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது முதலாளி பொங்கல் கெடுவை இன்னொரு முறை சொன்னார், அவனும் பக்கத்தில்தான் நின்றான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்தான்.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் ஆறு என்று வந்தது. மூச்சில் இழுக்கிற காற்றை உடம்பு முழுக்கச் சுமந்துபோகிற சிவப்புச் சத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆம்பளைக்குக் குறைந்தது பதிமூன்று இருக்க வேண்டுமாம். அதைச் செய்ய உடம்புக்கு இரும்பு வேண்டும், என் உடம்பில் இரும்பு கையிருப்பே இல்லையாம். ஆட்கள் அத்தனை பேரும் ஸ்டாண்டில் காத்திருக்க, பாதி வண்டிதான் ஓடுகிறது என்றால் எப்படியோ அப்படி என்று நான் புரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயரைப் படித்த நர்ஸம்மா, "பேரு ஆரோக்கியசாமி, ரத்தம் ஆறா?" என்று சிரித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரத்த சோகை என்றால் பொம்பளைகளுக்கு வருவது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். டாக்டரம்மாவும் அதையே வேறு விதமாகச் சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு மாசா மாசம் ரத்தம் போவுது, கம்மியானா புரியுது. ஆம்பளைக்கு இவ்ளோ கம்மின்னா ரெண்டே வழிதான். உள்ள எங்கியோ ஒழுகுது, இல்லன்னா சாப்பிடற இரும்பு ரத்தத்துல ஏறல. எதுன்னு பாக்கணும். நீங்க வேற எதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா? வலி மாத்திரை, நாட்டு மருந்து?"

"இல்லீங்க," என்றேன். "ஒரு மாத்திரையும் கெடையாதுங்க. தலவலின்னாகூட தைலம் தடவிக்கினு போயிடுவாரு," என்று லூர்து பெருமையாகச் சொன்னாள். அப்போது என் சட்டைப் பையில் கேஸ் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. எனக்கும் சரி, அவளுக்கும் சரி, அது ஞாபகத்துக்கே வரவில்லை.

எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், பதிலுக்கு வீட்டு ஆள் யாராவது ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுத்தால் நல்லது என்றார்கள். அருள் மதிய டிரிப்பை முடித்துவிட்டு ஓடி வந்தான். விரலில் குத்திப் பார்த்தார்கள். பதினைந்து. "இன்னா தம்பி சாப்பிடறீங்க?" என்று அங்கிருந்தவர் கேட்க, "அக்கா வூட்ல இன்னா ஆக்கறாங்களோ அதாங்க," என்றான். அவன் அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறான், மூன்று வேளையும் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரே சட்டி, ஒரே குழம்பு. அவனுக்குப் பதினைந்து, எனக்கு ஆறு. அந்தக் குழம்பின்மேல்கூட எனக்குச் சந்தேகம் வந்தது, அவனுக்கு அடியிலிருந்து கெட்டியாக ஊற்றுகிறாளோ என்று.

ஏற்றிய ரத்தத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் பொறாமையும் கூடவே வந்தது. பார்க்க வந்த வேலுவைக் கட்டிலில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன்.

"சீட்டை முன்னால தள்ளிப் போட்டுக்கினானா?"

"கொஞ்சமா அண்ணே. அவன் குட்டையாச்சே."

"கண்ணாடிய?"

"திருப்பித்தான் வெச்சான். இல்லன்னா பின்னால வர்றது எப்படித் தெரியும்?"

"பாட்டு?"

வேலு கொண்டுவந்த ஆப்பிளை எடுத்து நறுக்க ஆரம்பித்தான். அவன் சொல்லாததிலிருந்து, பாட்டு மாறிவிட்டது, ஆட்களுக்குப் புதுப்பாட்டு பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அருள் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தான். "கரியாலூர் ஆளுங்க குடுத்தாங்க மாமா, உங்களுக்குன்னு." உங்களுக்குன்னு! என் சீட்டில் உட்கார்ந்திருப்பவன் கையில் கொடுத்தது எனக்கு எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டே, ஒரு சுளையும் வேண்டாம் என்றுவிட்டேன். வார்டு முழுக்கப் பிரித்துக் கொடுத்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்த எலவனாசூர்கோட்டைக்காரர், "உங்க மச்சான் தங்கமான பையன்ங்க," என்று கொட்டையைத் துப்பிக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்கு ஜுரம் அடிப்பது மாதிரி இருந்தது, அளந்து பார்த்தால் ஜுரம் இல்லை.

பிறகு எண்டோஸ்கோப்பி. தொண்டையில் கசப்பாக ஒன்றைத் தெளித்து மரக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு வளையத்தைக் கொடுத்து, கேமரா வைத்த கறுப்புக் குழாயை வயிறுவரை இறக்குகிறார்கள். வலி இல்லை. ஆனால் குமட்டிக் குமட்டிக் கண்ணீர் வரும், மூக்கால் மூச்சு விடு என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதைச் செய்தால் போதும், சீக்கிரம் முடிந்துவிடும். வயிற்றின் உள்தோல் சிவந்துபோயிருக்கிறது, புண் இல்லை என்றார்கள். ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

அடுத்தது கீழ்வழியாக. அதற்கு முன்னால் ஒரு தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள், அதைக் குடித்த பிறகு கழிவறையில்தான் குடித்தனம். லூர்து வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் மனதுக்குள் ஒரே வியாதியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம், அதன் பெயரை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. குடல் சுத்தமாக இருக்கிறது, கட்டி ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்க "சாப்பிட எதாச்சும் இருக்குதா?" என்று கேட்டேன்.

இரும்பு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ரத்தப் பொரியல் என்று லூர்து என்னைக் கவனித்துக்கொண்டாள். ஆனால் அருள் வண்டி எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அடுப்பில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு அவள் வாசலுக்கு ஓடுவாள். "எந்தம்பி எவ்ளோ அழகா வளைச்சுக்கினு போறான் பாருங்க," என்பாள். இத்தனை வருஷத்தில் என் ஹாரனுக்கு அவள் ஒரு நாளாவது வாசலுக்கு வந்திருப்பாளா? கீரையைத் தின்றுகொண்டே நெஞ்சு எரிந்தது. மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

திரும்ப ரத்தம் பார்த்தபோது, ஏறியிருக்க வேண்டியது ஏறவில்லை. ஏற்றிவிட்ட ரத்தத்தின் அளவுகூட இறங்க ஆரம்பித்திருந்தது. மறுபடியும் வார்டு. இந்தத் தடவை கடுங்காப்பி நிறத்தில் இரும்பு மருந்தை டிரிப்ஸாக நரம்பில் ஏற்றினார்கள். பொங்கலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. டாக்டரம்மா கட்டிலருகே நின்று லூர்து, அருள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"மாத்திரை வயித்துக்குள்ள போவுது, ரத்தத்துக்கு வரல. எதோ ஒண்ணு தடுக்குது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. லேகியம், கஷாயம், எந்த மாத்திரையா இருந்தாலும் சரி, சாதாரணமானதுன்னு விட்றாதீங்க."

நானும் லூர்துவும் இல்லை என்றே சொன்னோம். அருள் டிரிப்புக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வார்டைச் சுற்றி வரும் நேரம் பார்த்து, கையில் ஒரு துணிப்பையோடு வந்தான். என் கட்டிலில் அதைக் கவிழ்த்தான். காலி மாத்திரை அட்டைகள், ஒரு குவியல். எல்லாம் ஒரே மாத்திரை.

"சீட்டுக்கு அடியில டூல்ஸ் பொட்டியில இருந்துச்சுங்க மேடம். ஸ்பேனர் தேடறப்ப பாத்தேன். மாமா சாப்பிட்டதுதான். சாதாரணமானதையும் சொல்லணும்னு சொன்னீங்களே."

வார்டே என்னைப் பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்திருப்பேன். என் வண்டியைக் குடைந்து, என்னை மாத்திரை தின்னி என்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்து, அப்படியே முதலாளி காதுக்கும் கொண்டுபோய், பொங்கலுக்குள் கதையை முடிக்கத்தான் இந்த வேலை என்று நினைத்தேன். "எவன் வண்டியில இன்னாடா தேடற?" என்று கத்தினேன். அவன் முகம் சிறுத்துப்போயிற்று.

டாக்டரம்மா கத்தவில்லை. ஓர் அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா?"

"அது... டெய்லி போட்டுக்கறதுதாங்க. அது இன்னா, கேஸ் மாத்திரைதானே."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். சாப்பாட்டில் இருக்கிற இரும்பு ரத்தத்தில் சேர, வயிற்றில் சுரக்கும் புளிப்பு நீர் உதவி செய்ய வேண்டும். கேஸ் மாத்திரை அந்தப் புளிப்பைக் குறைக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கிற டீயும் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இதெல்லாம் சேர்ந்து ஒரு பங்கு. ஆனால் அவர் சந்தேகப்பட்டது வேறொன்றை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று ஒரு கிருமி, வயிற்றின் உள்தோலில் வருஷக்கணக்காகக் குடியிருக்கும். சிலருக்கு அது உள்தோலைப் புண்ணாக்காமலே வீங்க வைத்து, புளிப்பையும் குறைத்து, இரும்பு ஏறாமல் செய்துவிடும். அந்தக் கிருமிக்கும் இரும்பு வேண்டுமாம், நம் பங்கிலிருந்து அதுவும் எடுத்துக்கொள்ளுமாம்.

"அன்னிக்குக் கிருமி இல்லன்னு வந்துச்சேங்க?"

"இந்த மாத்திரை சாப்பிட்டுக்கினு இருந்தா அந்தக் கிருமி பதுங்கிக்கும். இருந்தாலும் டெஸ்டுல காட்டாது. அதுக்குத்தான் அன்னிக்கே கேட்டேன், எதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களான்னு."

லூர்து தலையைக் குனிந்துகொண்டாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கேஸ் மாத்திரையை இரண்டு வாரம் அடியோடு நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் நெஞ்சில் அடுப்பு எரிந்தது. மறுபடியும் குழாய், மறுபடியும் கிள்ளல். இந்தத் தடவை கிருமி இருந்தது.

"இதுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "இந்தக் கிருமி நிறைய பேர் வயித்துல இருக்குது, பெரும்பாலும் ஒண்ணும் பண்றதில்ல. ஆனா உங்களுக்கு வேற காரணம் எதுவும் கெடைக்கல. இத அடிச்சுப் பாப்போம்."

"நிறைய பேருக்குன்னா, ஒரே வூட்ல சாப்பிடறவங்களுக்கும் இருக்குமாங்க?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். சின்ன வயசுலயே ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்தும்."

"அப்ப எம்மச்சானுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்களேன்."

"அவருக்குப் பதினஞ்சு இருக்குது. எதுக்கு?" என்று சிரித்தார். கிருமிகூட ஆள் பார்த்துத்தான் வேலை செய்கிறது என்று வயிறெரிந்தேன்.

இரண்டு வாரத்துக்குப் பெரிய மாத்திரைகள் கொடுத்தார்கள். கிருமியைக் கொல்ல இரண்டு விதம், அதோடு துணைக்கு ஒன்று. அந்தத் துணை மாத்திரையைப் பார்த்து எனக்குத் திக்கென்றது, அதே கேஸ் மாத்திரை! புளிப்பு குறைந்தால்தான் மற்ற மருந்து நன்றாக வேலை செய்யுமாம், ஆனால் அவர்கள் சொல்கிற அளவுக்கு, அவர்கள் சொல்கிற நாள்வரை மட்டும். வாயெல்லாம் இரும்புக்கம்பியை நக்கியது போல ஒரு ருசி, வயிற்றுப்போக்கு, சோர்வு. பாதியில் விட்டால் கிருமி அடங்காது என்று டாக்டரம்மா மிரட்டியிருந்ததால் விடவில்லை. லூர்து ஒவ்வொரு வேளையும் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டும்வரை நகர மாட்டாள். அதன் பிறகு இரும்பு மாத்திரை மட்டும், டீ இல்லாமல்.

முதலில் மூச்சு திரும்பியது. பிறகு பசி. நகத்தில் ரத்த நிறம் தெரிந்தது. பொங்கலுக்கு முன்னால் பார்த்த ரத்தத்தில் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது, மலத்தைப் பரிசோதித்ததில் கிருமி போய்விட்டது என்று தெரிந்தது. வண்டி ஓட்டலாம், இரும்பு மாத்திரையை இன்னும் சில மாதம் விடக்கூடாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். முதலாளி அதை ஒரு முறைதான் படித்தார். சாவியை அருளிடமிருந்து வாங்கி என் கையில் கொடுத்தார்.

அருளுக்கு அவரிடம் வேறு வண்டி இல்லை. அவன் மறுபடியும் கரும்பு டிராக்டருக்குப் போய்விட்டான்.

நான் முதல் டிரிப் எடுத்த அன்று காலை, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவன் டிராக்டரை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். வார்டில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வாய் திறந்தேன், ஆனால் வந்தது வேறு.

"அந்த அட்டைங்கள பாத்தப்ப இன்னாடா நெனச்ச?"

"இன்னா நெனைக்கறது மாமா? டாக்டரம்மா கேட்டாங்களே, காட்டணும்னு நெனச்சேன்."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா?"

"பொங்கலு வரைக்கும் நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா மலை வண்டி உனக்கு வந்திருக்கும்டா. முதலாளி சொல்றப்ப நீயும்தானே நின்ன?"

கையில் கிளாஸோடு அப்படியே என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கணக்கு மெல்ல ஓடி முடிவது எனக்குத் தெரிந்தது.

"அட, ஆமால்ல மாமா!" என்று சிரித்தான். கிளாஸை வைத்துவிட்டு டிராக்டரில் ஏறிக் கரும்புக் காட்டுப் பக்கம் போய்விட்டான்.

அவனுக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்கு முதலில் தோன்றியிருப்பது அதுதான், அந்த அட்டைகளும் கோமுகி அணைத் தண்ணீருக்குத்தான் போயிருக்கும். வேலு விசில் கொடுத்தான், வண்டியை எடுத்தேன். வெள்ளிமலை போய்ச் சேரும்வரை அருள்மேல் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. சீட்டுக்காகப் பட்ட பொறாமையைவிட இது அதிகம்.